தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கட்டும்: வீடற்றவர்களுக்கு நிரந்தர வீடும் துணையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேருந்து நிலையத்திலோ கோயில் வாசலிலோ அழுக்கு உடையும் சடைமுடியுமாக ஒருவரைப் பார்த்துவிட்டு எங்களை அழைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஹோமிலாவது சேர்த்துவிட முடியுமா?" என்பதுதான். அந்தக் கேள்வியில் அக்கறை இருக்கிறது. ஆனால் சேர்த்துவிட்ட பிறகு அவர் எத்தனை ஆண்டு அங்கே இருப்பார், எப்படி இருப்பார் என்று கேட்பவர்கள் குறைவு. தெருவில் மனநோயுடன் அலைந்தவர்களைச் சாதாரணத் தெருவில், சாதாரண வாடகை வீட்டில் குடிவைத்து, வேண்டிய துணையையும் கூடவே கொடுக்கும் வேலையில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஷெல்டர் இருக்கிறதே, தனியாக வீடு எதற்கு?

ஷெல்டர் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். ஐப்பசி மழையில் நடைபாதையில் நனைகிறவருக்கு அன்று இரவு தேவை ஒரு கூரை. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு ஷெல்டராவது ஆண்டு முழுக்க, நாள் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் நம் நகரங்களில் பல ஷெல்டர்கள் வந்தன. பின்னால் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிப்படி ஆளுக்கு 50 சதுர அடி இடம். அதாவது ஐந்தடிக்குப் பத்தடி. அதில் ஒரு இரவைக் கழிக்கலாம், ஒரு மழைக்காலத்தைக்கூடக் கழிக்கலாம். பதினைந்து ஆண்டு அங்கேயே கிடப்பதை வாழ்க்கை என்று சொல்ல முடியாது.

காப்பகத்தில் எப்போது எழுவது, எப்போது விளக்கை அணைப்பது, இன்றைக்குச் சாம்பாரா ரசமா என்பதெல்லாம் வேறு யாரோ முடிவு செய்வது. பதினோரு ஆண்டு அப்படி இருந்த ஒரு அம்மாவைப் புது வீட்டுக்கு அழைத்துப்போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடுக்களையைப் பார்க்கவில்லை, ஃபேனைப் பார்க்கவில்லை. அறைக்கதவின் தாழ்ப்பாளைப் போடுவதும் எடுப்பதுமாக நின்றுகொண்டிருந்தார். "இதை நான்தானே போடணும்? வெளியிலேர்ந்து யாரும் போட மாட்டாங்களே?" என்று கேட்டார். "நீங்கதான் போடணும்மா" என்றேன். அன்று இரவு மூன்று முறை எழுந்து அதைத் தொட்டுப் பார்த்ததாக உடன் இருந்த பெண் சொன்னாள்.

முதலில் குணமாகட்டும், குடியை விடட்டும். அப்புறம் வீடு கொடுக்கலாமே?

நெடுங்காலம் உலகம் முழுக்க இப்படித்தான் நடந்தது. தெருவிலிருந்து ஷெல்டர், அங்கிருந்து இடைக்கால விடுதி, அங்கே ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, குடிக்காமல் இருந்து காட்டினால் கடைசியில் வீடு. மாடிப்படி மாதிரி. ஒரு படியில் சறுக்கினால் மறுபடியும் தெரு.

1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் 'பாத்வேஸ் டு ஹவுசிங்' என்ற அமைப்பைத் தொடங்கி இந்தப் படிகளை எடுத்துவிட்டார். நேராக வீட்டுச் சாவி. வருமானத்தில் 30 விழுக்காடு வாடகை கட்ட வேண்டும், ஊழியர் வந்து பார்க்கச் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். சிகிச்சை எடுத்துக்கொண்டால்தான் வீடு என்ற நிபந்தனை கிடையாது. 'ஹவுசிங் ஃபர்ஸ்ட்', அதாவது 'முதலில் வீடு' என்ற வழி அங்கிருந்துதான் பரவியது.

இதன் நியாயம் புரிய நியூயார்க் வரை போக வேண்டியதில்லை. பிளாட்பாரத்தில் இருப்பவரிடம் ஒரு மாதத்து மாத்திரையைக் கொடுத்தால் எங்கே வைப்பார்? பை நனையும், திருடு போகும். பல மருந்துகள் தூக்கத்தை வேறு இழுத்துக்கொண்டு வரும். பேருந்து நிலையத்தில் தனியாக இருக்கும் ஒரு பெண் அதைச் சாப்பிட்டுவிட்டு எப்படித் தூங்குவாள்? விழித்திருப்பதுதான் அவளுக்கு இருக்கும் ஒரே காவல். அதனால் துப்பிவிடுகிறாள். நாம் ஓ.பி. சீட்டில் "ஒத்துழைக்க மறுக்கிறார்" என்று எழுதிவிடுகிறோம். நானே அப்படி எழுதியிருக்கிறேன். அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

இது பலிக்கும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது. கனடாவில் 2009 முதல் 2013 வரை வான்கூவர், வின்னிபெக், டொராண்டோ, மான்ட்ரியால், மாங்டன் ஆகிய ஐந்து நகரங்களில் மனநோயுள்ள 2,000-க்கும் மேற்பட்ட வீடற்றவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஆய்வு செய்தார்கள். ஒரு பிரிவுக்கு முதலில் வீடு, இன்னொரு பிரிவுக்கு வழக்கமான சேவைகள். ஆய்வின் கடைசி ஆறு மாதத்தில் முழுக்க வீட்டிலேயே இருந்தவர்கள் முதல் பிரிவில் 62 விழுக்காடு, இரண்டாவதில் 31 விழுக்காடு. இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நோயின் அறிகுறிகளிலும் போதைப் பழக்கத்திலும் இரண்டு பிரிவுகளுமே ஏறக்குறைய ஒரே அளவுதான் தேறின. வீடு மருந்துக்கு மாற்று ஆகாது. ஆனால் நோய் குறைந்த மனிதர் தெருவில் இருப்பதற்கும் வீட்டில் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்கத் தேவையில்லை.

பின்லாந்து இதை நாட்டின் கொள்கையாகவே 2008-இல் எடுத்துக்கொண்டது. பழைய விடுதிகளை வாடகை ஒப்பந்தத்துடன் கூடிய தனித்தனிக் குடியிருப்புகளாக மாற்றினார்கள். ஹெல்சின்கியில் சால்வேஷன் ஆர்மி நடத்திய பெரிய விடுதியும் அப்படி மாறியதுதான். 1985-இல் தொடங்கிய ஒய் அறக்கட்டளை சாதாரண அடுக்ககங்களில் அங்கொன்று இங்கொன்றாக வீடுகளை வாங்கி வாடகைக்கு விட்டது. 1980-களின் பிற்பகுதியில் பல ஆயிரங்களில் இருந்த வீடற்றோர் எண்ணிக்கை 2023-இல் 3,429-க்கு வந்தது. அப்புறம் அரசு சமூக நல உதவிகளை வெட்டியது. 2024-இல் எண்ணிக்கை மறுபடியும் 3,806-க்கு ஏறிவிட்டது. அந்த ஏற்றம் எனக்கு ஓர் எச்சரிக்கையாகவே தெரிகிறது.

பணக்கார நாடுகளின் கதை இருக்கட்டும். தமிழ்நாட்டில் நடக்குமா?

நடந்துகொண்டிருக்கிறது. 1993-இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சென்னையில் தொடங்கிய 'தி பான்யன்' அமைப்பு, தெருவில் மனநோயுடன் திரிந்த பெண்களுக்காக முகப்பேரில் 'அடைக்கலம்' என்ற இல்லத்தை நடத்தி வந்தது. அங்கே சிகிச்சை பெற்றவர்களில் நிறையப் பேர் ஊருக்குத் திரும்பினார்கள். திரும்ப முடியாதவர்கள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களை மனத்தில் வைத்து 2015-இல் வந்தது 'ஹோம் அகெய்ன்'. நான்கைந்து பேர் சேர்ந்து ஊருக்குள் ஒரு வாடகை வீட்டில் குடும்பம்போல இருப்பார்கள். அந்த ஊர்ப்பெண்களே பயிற்சி பெற்று உதவியாளராக உடன் இருப்பார்கள். நர்சும் சமூகப் பணியாளரும் வந்து போவார்கள். பின்னர் இது கேரளம், அசாம், மகாராஷ்டிரம் என்று மற்ற மாநிலங்களுக்கும் போனது. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் சமூக மனநலச் சேவைகள் பற்றி வெளியிட்ட வழிகாட்டியில், துணையுடன் வாழ்வதற்கான நல்ல எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது.

வெளிநாட்டு முறைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே ஆளுக்கு ஒரு தனி வீடு. இங்கே சேர்ந்து இருப்பது. நம் ஊரில் தனியாக இருக்கப் பலருக்குப் பிடிப்பதில்லை. தனியாக இருக்கும் பெண்ணைத் தெருவும் சும்மா விடாது. ஆனாலும் தனியாகவே இருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அதற்கும் வழி வேண்டும்.

அந்த வீட்டில் ஒரு நாள் எப்படி இருக்கும்?

உங்கள் வீடு மாதிரிதான் இருக்கும். எனக்கு நன்கு தெரிந்த வீட்டைச் சொல்கிறேன். இரண்டு அறை, ஒரு கூடம், பின்னால் துணி துவைக்கும் கல். நான்கு பெண்கள். ஒருவர் ஐந்து மணிக்கே எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிடுவார். அவர் போடுவது ஒரே கோலம்தான், ஏழு புள்ளி. இன்னொருவர் எட்டு மணிவரை எழுந்திருக்க மாட்டார். யாரும் எழுப்பவும் மாட்டோம். காலை மாத்திரையை மூன்று பேர் தாங்களே எடுத்துக்கொள்வார்கள். ஒருவருக்கு உதவியாளர் எடுத்துக்கொடுக்க வேண்டும். ஒருவர் பக்கத்து டெய்லர் கடையில் பட்டன் கட்டப் போகிறார். ஒருவருக்கு இன்னும் குரல்கள் கேட்கின்றன. குரல்களோடு பேசிக்கொண்டே வெங்காயம் நறுக்குவார், நல்ல பொடிசாக நறுக்குவார்.

சண்டையும் வரும். டிவி ரிமோட்டுக்கு, குளியலறைக்கு, தீபாவளிப் புடவையின் நிறத்துக்கு. முதலில் எங்களுக்குப் பதற்றமாக இருந்தது. பிறகு புரிந்தது: காப்பகத்தில் இருந்த இத்தனை ஆண்டில் இவர்கள் எதற்கும் சண்டை போட்டதில்லை. தன்னுடையது என்று ஒன்று இருந்தால்தானே சண்டை வரும்?

காய்கறி வண்டிக்காரர் முதல் மாதம் உதவியாளரிடம்தான் விலை சொல்வார். மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் இவர்களில் ஒருவரைப் பார்த்து, "என்னக்கா, ரெண்டு நாளா ஆளையே காணோம்?" என்று கேட்டார். அந்த அக்கா உள்ளே வந்து அதை நான்கு தடவை சொன்னார்.

துணை என்றால் சரியாக என்ன செய்கிறீர்கள்?

ஆளைப் பொறுத்தது. ஒருவருக்கு மாதாந்திர ஊசிக்குத் துணைக்குப் போவது, இன்னொருவருக்கு ஏ.டி.எம். பழக்குவது, வேறொருவருக்கு இரவில் பயம் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. சர்க்கரை, ரத்த அழுத்தம், பல்வலி இவையும் துணையின் பகுதிதான். மனநோய் என்று சீட்டில் எழுதிவிட்டால் மற்ற வலிகளை யாரும் காதில் வாங்குவதில்லை. வயிற்றுவலி என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒருவரை ஒரு மருத்துவமனையில் "அதெல்லாம் மனசுதான்" என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நான்காம் முறை வேறொரு இடத்தில் ஸ்கேன் எடுத்தால் பித்தப்பையில் கல்.

வீட்டு ஓனர்கள் சம்மதிக்கிறார்களா?

இந்த வேலையிலேயே கடினமான பகுதி இதுதான். போனில் சரி என்பார்கள், நேரில் விவரம் சொன்னதும் "வீடு போயிடுச்சுங்க" என்பார்கள். 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோமே, அந்தப் பழக்கத்தின் விலையை நாங்கள் வீடு தேடும்போது கட்டுகிறோம். ஒரு தெருவில் அட்வான்ஸ் கொடுத்துச் சாமான் இறக்கிய பிறகு அக்கம்பக்கத்தார் கூடி நின்று வேண்டாம் என்றார்கள். சாமானைத் திரும்ப ஏற்றினோம். லாரியில் ஏறும்போது ஒருவர், "நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பழக்கம்தான் இதை மாற்றுகிறது. மறைத்துக் குடிபோகக் கூடாது. வாடகை மாதம் ஐந்தாம் தேதி போய்ச் சேர்ந்துவிட வேண்டும். சிக்கல் என்றால் ஓனர் அழைக்க ஒரு எண், அதை நள்ளிரவிலும் எடுக்க ஒரு ஆள். இது மூன்றும் இருந்தால் ஓராண்டில் ஓனரே அடுத்த வீட்டுக்கு ஆள் பார்த்துச் சொல்கிறார்.

பக்கத்தில் குழந்தைகள் இருக்கிறார்கள். ஆபத்து இல்லையா?

மனநோய் உள்ளவர்கள் அடிப்பவர்களாக இருப்பதைவிட அடிபட்டவர்களாக இருப்பதே மிகுதி. எங்கள் வீடுகளில் இருக்கும் பெண்களின் உடம்பிலுள்ள தழும்புகளைப் பார்த்தால் இந்தக் கேள்வியைத் திருப்பித்தான் கேட்கத் தோன்றும்.

ஏன் சொந்தக் குடும்பத்திடம் அனுப்பவில்லை?

முடிந்தவரை அனுப்புகிறோம், முதல் முயற்சியே அதுதான். ஆதார் பதியும்போது கைரேகை ஏற்கெனவே இருக்கிறது என்று வந்து, அதை வைத்துப் பழைய முகவரி கிடைத்து, பல ஆண்டுகளுக்குப் பிறகு ஊர் சேர்ந்தவர்கள் உண்டு. ஆனால் சிலருக்கு வீடு என்றாலே அடி. சிலரின் பெற்றோர் இறந்திருப்பார்கள், அண்ணன் குடும்பத்தில் இடமிருக்காது. சிலர் போகவே விரும்ப மாட்டார்கள். வாசலில் இறக்கிவிட்டு வந்துவிட்டால் நம் கணக்கில் ஒரு எண் கூடும், அவர் மூன்றே மாதத்தில் வேறொரு ரயில் நிலையத்தில் இருப்பார். அப்படி ஒருவரை இரண்டாம் முறை அதே பிளாட்பாரத்தில் கண்டெடுத்த பிறகு, "நீங்க போகணும்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்காமல் யாரையும் அனுப்புவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-இன் 19-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். சமூகத்தில் ஒருவராக வாழ மனநோய் உள்ளவருக்கு உரிமை உண்டு என்கிறது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை, வெளியே வசதி இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநலக் காப்பகத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. இடைநிலை இல்லங்கள், குழு வீடுகள் போன்றவற்றை ஏற்படுத்துவது அரசின் கடமை. 18-ஆம் பிரிவின்படி வீடற்றவர்களுக்கு, கையில் எந்த அட்டையும் இல்லாவிட்டாலும், அரசின் மனநலச் சிகிச்சை இலவசம்.

இந்தச் சட்டம் சும்மா வந்துவிடவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலை ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு ஏர்வாடியும் ஒரு காரணம்.

அடையாள ஆவணங்கள் எதுவும் இல்லாதவருக்கு என்ன வழி?

ஆதாருக்கு, அங்கீகாரம் பெற்ற இல்லத்தின் பொறுப்பாளர் தரும் சான்று போதும். அது வந்தால் வங்கிக் கணக்கு, பிறகு மருத்துவக் காப்பீடு, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை என்று ஒவ்வொன்றாக வரும். மனநோயும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ஊனமே. 40 விழுக்காடு என்று சான்று கிடைத்தால் பல உதவிகளுக்குத் தகுதி உண்டு. ஓட்டுரிமைக்கு முகவரிச் சான்று இல்லாத நடைபாதைவாசியும் விண்ணப்பிக்கலாம். அவர் அங்கேதான் படுத்து உறங்குகிறாரா என்று வாக்குச்சாவடி அலுவலர் இரவில் வந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை.

மாத்திரை சாப்பிட மறுத்தால், குடித்துவிட்டு வந்தால் வெளியேற்றுவீர்களா?

இல்லை. பேசுவோம், டாக்டரை வரச் சொல்வோம், மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா என்று பார்ப்போம். நிலைமை முற்றினால் சில நாள் மருத்துவமனையில் சேர்ப்போம். அப்போதும் அவர் கட்டிலும் பெட்டியும் வீட்டிலேயே இருக்கும். அடிதடி என்றால் வேறு வீட்டுக்கு மாற்ற வேண்டி வரலாம். தெருவுக்கு மட்டும் அனுப்புவதில்லை.

எல்லாம் நன்றாகவே முடிகிறதா?

முடிவதில்லை. ஒருவர் எட்டு மாதம் இருந்துவிட்டு ஒரு காலையில் கிளம்பிப் போய்விட்டார். பெட்டியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாவட்டம் தேடினோம், கிடைக்கவில்லை. அவருக்கு நாங்கள் வீட்டைத்தான் காட்டினோம், வீட்டில் யாருடன் இருக்க விரும்புகிறீர்கள் என்று கேட்கவில்லை. நாங்களே முடிவு செய்து நான்கு பேரைச் சேர்த்துவிட்டோம். அதற்குப் பிறகு யாரோடு யார் என்பதை அவர்களே சொல்கிறார்கள். மூன்று நாள் வந்து தங்கிப் பார்த்துவிட்டுப் பிடித்தால் வருகிறார்கள்.

செலவு?

வாடகை, சாப்பாடு, உதவியாளர் சம்பளம். பெரும்பகுதி சம்பளம்தான், அதில் கைவைத்தால் வீடு மட்டும் மிஞ்சும், துணை போய்விடும். உதவித்தொகையோ வேலை வருமானமோ வருகிறவர்கள் தங்கள் பங்கைக் கொடுக்கிறார்கள். பெரும்பாலான பணம் இன்னும் நன்கொடையிலிருந்தே வருகிறது. இது அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் நிலையான இடம்பெற வேண்டிய செலவு என்பது என் உறுதியான கருத்து. நன்கொடை நின்றால் ஒருவரின் வீடு போய்விடும் என்ற நிலை கூடாது.

மனநோய் இல்லாமல், குடும்பமாக நடைபாதையில் இருப்பவர்களுக்கும் இதுதான் வழியா?

அவர்களின் தேவை வேறு. வடசென்னையிலும் பாரிமுனைப் பக்கமும் மூன்று நான்கு தலைமுறையாக நடைபாதையிலேயே பிறந்து, பள்ளிக்குப் போய், கல்யாணமும் முடித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தொழில் அங்கேதான்: மீன், பூ, மூட்டை தூக்குவது. வீடு தருகிறோம் என்று நகரின் ஓரத்து மறுகுடியமர்வுக் குடியிருப்புகளான கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ அனுப்பினால் பிழைப்பு வெகுதூரம் தள்ளிப் போய்விடுகிறது. வீட்டைப் பூட்டிவிட்டு மறுபடி நடைபாதைக்கு வருவார்கள். அதைப் பார்த்து "வீடு கொடுத்தாலும் இருக்க மாட்டார்கள்" என்று சொல்வது அநியாயம். பிழைப்புக்குப் பக்கத்தில் வீடு, பிள்ளைகளின் பள்ளி மாறாமல் இருக்க ஏற்பாடு, முதல் ஓராண்டுக்கு விசாரித்துக்கொள்ள ஒரு ஆள். அவர்களுக்கு வேண்டிய துணை இதுதான்.

தெருவில் அப்படி ஒருவரைப் பார்த்தால் நான் என்ன செய்யலாம்?

முதலில் வீடியோ எடுக்காதீர்கள். நின்று, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள். தண்ணீர் பாட்டிலை மூடி உடைக்காமல் கொடுங்கள். உடைத்துக் கொடுத்தால் எதையாவது கலந்திருப்பார்களோ என்று பலர் குடிக்க மாட்டார்கள், அவர்களுக்கு நடந்தது அப்படி. காயமோ காய்ச்சலோ இருந்தால் 108. மனநலம் தொடர்பாக ஆலோசனை கேட்க 14416, அரசின் டெலி மானஸ் சேவை. மனநோயுடன் அலைபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ இடத்துக்குக் கொண்டுபோவது காவல் நிலையத்தின் கடமை. மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது, தயங்கினால் எடுத்துக்காட்டுங்கள். சில மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே அவசர சிகிச்சை, மீட்பு மையங்கள் இயங்குகின்றன.

சேர்த்துவிட்டதோடு நின்றுவிடாதீர்கள். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள். அவருக்கு உங்கள் முகம் நினைவிருக்கும்.

என்னிடம் ஒரு வீடு காலியாக இருக்கிறது. கொடுக்கலாமா?

கொடுங்கள். தரைத்தளமாக இருந்தால் நல்லது, கடைத்தெரு நடக்கும் தூரத்தில் இருந்தால் இன்னும் நல்லது. அறைக்கதவுகளில் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று மட்டும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.